நியூ லண்டன் கார்டனுக்கு வந்த காவல்வீடு

சித்திரை வெயிலில் கருவேல மரங்களே நிழலுக்கு இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு காலையில், கோவில்பட்டி தாண்டி உள்ளே போனால் வருகிற ஊசிக்காட்டில், நியூ லண்டன் கார்டன் என்ற மனைப்பிரிவின் அலங்கார வளைவுக்கு இடது பக்கம், முந்தின நாள் சாயங்காலம் வரை ஆடுகள் படுத்திருந்த வெறுந்தரையில், இங்கிலாந்து தேசத்துக் கிராமப்புறங்களில் மாளிகைகளின் வெளிவாசலில் நிற்குமே அந்த மாதிரிக் கல்வீடு ஒன்று, செங்குத்துக் கூரையோடும் புகைக்கூண்டுகளோடும், பக்கத்திலே கல்தூணில் தொங்கும் ஒற்றை இரும்புக் கதவோடும், தன் தலைமேல் மட்டும் பெய்கிற தூறலோடும் வந்து நின்றது.

முதலில் பார்த்தவர் பால்காரர். அவர் சைக்கிளை அதன் சுவரில் சாய்த்துவிட்டு, தூறல் விழுகிறதே என்று கேன் மூடியை மட்டும் இறுக்கிக்கொண்டார். அடுத்துப் பார்த்தவர்கள் ஒரு கட்சிக்காரர்கள். வரப்போகிற தேர்தலுக்கு இந்தச் சுவர் எங்களுக்கு என்று சுண்ணாம்பால் எழுதிவிட்டுப் போனார்கள். தூறல் அதை அழித்தது. அடுத்த கட்சிக்காரர்கள் வந்து எழுத, தூறல் அதையும் அழிக்க, ஊசிக்காட்டில் எல்லாக் கட்சிகளுக்கும் சமநீதி கிடைத்தது அதுதான் முதல் தடவை. மத்தியானத்துக்குள் பெண்கள் கூரை ஓரத்தின் கீழே குடங்களை வரிசை வைத்து விட்டார்கள். வேர்க்குரு போட்ட பிள்ளைகளைக் கொண்டுவந்து தூறலில் நிறுத்தினார்கள். ஆடுகள் மட்டும் தங்கள் இடம் போன கோபத்தில் கொஞ்சநேரம் கத்திவிட்டு, பிறகு வீட்டின் பின்பக்க நிழலில் படுத்துக்கொண்டன. எப்படி வந்தது, எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நம்மூரில் எது வந்தாலும் முதலில் கேட்பது, இது யாருக்குக் கிடைக்கும் என்பதைத்தான்.

மனைப்பிரிவு போட்ட ஜெயசிங்கு மட்டும் வெள்ளைச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "நியூ லண்டன்னு பேரு வைக்கும்போது சிரிச்சீயளே, இப்பச் சிரிங்க பாப்போம். பேருக்குத் தக்க பொருள் வரும்வே!" என்றார். அவருடைய நியூ லண்டனில் அதுவரை இருந்தது முள் ஓடாத ஒரு கடிகாரம் வைத்த வளைவும், வளைவுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்களும், கற்களுக்கு நடுவே ஒரே ஒரு வீடும்தான். அந்த ஒரே வீடு பட்டமுத்துவின் வீடு.

பட்டமுத்து வீடுகளுக்குப் பிளான் போடுகிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்குள் போனாலும் அவர் கை பட்ட வீடுகளை அடையாளம் கண்டுகொள்ளலாம், ஏனென்றால் இரண்டே அறை உள்ள வீட்டுக்கும் அவர் நான்கு ரோமாபுரித் தூண்கள் வைப்பார், ஏறிப் போக வழியில்லாத பால்கனி வைப்பார், பால்கனிக்கு மேலே அன்னப்பறவை வைப்பார், அன்னத்துக்கு மேலே கண்ணாடி ஒட்டுவார். பின்பக்கம் மட்டும் பூச்சுகூட இல்லாமல் செங்கல் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். கேட்டால், "எலிவேஷன்தான் வீடு. பின்பக்கத்தை எவன் பாக்கப் போறான்?" என்பார். அந்தத் தத்துவத்துக்கு அவர் கட்டிய கோவில்தான் அவருடைய சொந்த வீடு. முன்னால் தூண்கள், தூண்களுக்கு மேலே வாய் பிளந்த சிங்கம், சிங்கத்துக்குக் கீழே கடைசல் வேலை செய்த தேக்குக் கதவு. கதவைத் திறந்தால் ஒரு அறை, அதைத் தாண்டினால் இன்னொரு அறை, அதையும் தாண்டினால் நாலு கம்பில் நிறுத்திய தகரக் கொட்டகை. அதுதான் அடுப்படி.

அந்தத் தகரத்துக்குக் கீழேதான் அவர் மனைவி சண்முகவடிவு புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிய நாளிலிருந்து சமைத்துக்கொண்டிருந்தாள். கோடையில் தகரம் கொதிக்கும். ஐப்பசியில் நாலு பக்கமும் சாரல் அடிக்க, ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தோசையைத் திருப்புவாள். அடுப்பு வைத்த மேடை அவளுக்கு எட்டாத உயரம் என்பதால் ஒரு பலகைக் கட்டையின் மேல் ஏறி நின்றுதான் குழம்பைக் கிளற வேண்டும். "அடுத்த வருசம் அடுப்படி" என்று பட்டமுத்து ஒவ்வொரு வருசமும் சத்தியம் செய்தார், ஒவ்வொரு வருசமும் முகப்பில் ஏதாவது ஒன்று கூடியது. சிங்கத்துக்குத் தங்கப் பெயின்ட் அடித்த வருசம் வடிவு சொன்னாள்: "அந்தச் சிங்கத்துக்குப் பசிக்காதுங்க. நமக்குத்தான் பசிக்கும்."

கல்வீடு என்ன வீடு என்று பார்த்துச் சொல்ல ஊர் பட்டமுத்துவைத்தான் கூப்பிட்டது. அவர் டேப்பை எடுத்துக்கொண்டு, காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு, பின்னால் ஊரே வர, அந்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். ரோட்டைப் பார்த்த சுவர்களில் வெண்ணெய் போல இழைத்த கல். கூரை விளிம்பு முழுக்க மரத்தில் கடைந்த சரிகை வேலை. உச்சியில் மூன்று புகைக்கூண்டுகள், முறுக்குப் பிழிந்த மாதிரி திருகித் திருகி ஏறியிருந்தன. ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கிற மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு ஜன்னல், அதில் கற்கண்டுச் சில்லு போலச் சின்னச் சின்னக் கண்ணாடிகள். கதவுக்கு மேலே கல்லில் ஒரு கேடயம், கேடயத்தில் பாதம் உடைந்த ஒரு மிருகம். பின்பக்கம் போனார். அங்கே சரிகையும் இல்லை, இழைப்பும் இல்லை; கிடைத்த கல்லை அடுக்கிய மொட்டைச் சுவரும் ஒரு சின்னப் பின்வாசலும்தான்.

பட்டமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடலுக்கு அப்பால், தன் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில், தன்னைப்போலவே நினைத்த ஒரு மனுசன் இருந்திருக்கிறான் என்று கண்டுபிடித்தால் யாருக்குத்தான் கலங்காது? உள்ளே இருப்பவன் சௌகரியத்துக்காக அல்ல, வெளியே போகிறவன் வாயைப் பிளப்பதற்காக ஒரு வீடு! அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்ல வீடு" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஊரே வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இரண்டே வார்த்தையில் நிறுத்துகிறவன் ஊசிக்காட்டில் இன்னும் பிறக்கவில்லை.

"ஆனா இது வீடு இல்ல," என்றார் பட்டமுத்து. "வெள்ளைக்காரன் ஊர்ல ஜமீன் மாளிகை தோட்டத்துக்கு உள்ள தள்ளி இருக்கும். வெளிவாசல்ல கேட்டைத் திறந்து விடுததுக்கு ஒரு ஆளு வேணும்லா? அவன் குடியிருக்கத்தான் இது. நம்ம பாஷையில சொன்னா, வாட்ச்மேன் ரூம்."

  டீக்கடை மாசானம் தன் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டு, நிதானமாகக் கேட்டான்:

"வாட்ச்மேனுக்கே இதுன்னா, மொதலாளிக்கு?"

எல்லாக் கெடுதலும் அந்த ஒரு கேள்வியில்தான் ஆரம்பித்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று ஒருவர் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் ஊசிக்காடு முழுவதும் அரண்மனைக்குக் காத்திருக்கத் தொடங்கிவிட்டது. கொத்தனார்கள் வேலைக்குப் போவதை நிறுத்தினார்கள், வரப்போகிற மாளிகையில் வெள்ளையடிக்க வேண்டியிருக்குமே என்று. நிச்சயம் செய்த கல்யாணங்களைத் தள்ளி வைத்தார்கள், மாளிகை மண்டபத்தில் நடத்தினால் கௌரவமாக இருக்குமே என்று. பள்ளிக்கூட ஆண்டு விழா, கபடிப் போட்டி, இளைஞர் நற்பணி மன்றத்துக் கட்டடத் திறப்பு எல்லாமே "மாளிகை வந்த பொறவு" என்ற ஒரு தேதிக்குப் போயின. கேடயத்து மிருகம் நாயா, ஆடா, சிங்கமா என்று தகராறு வந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டி வாசல்காத்தான் என்று பேர் வைத்துக் கும்பிட்டார்கள்; கும்பிட்ட பிறகு சாமி என்ன மிருகம் என்று கேட்பது மரியாதை இல்லையென்று தகராறு அடங்கியது.

மாளிகை வரும்வரைக்கும் காவல்வீட்டிலேயே அதன் சார்பில் பால் காய்ச்சிவிடலாம் என்று முடிவானது. உள்ளே எட்டு மூலையுள்ள ஒரு அறை இருந்ததைப் பார்த்து வாஸ்து பார்க்கிறவர் முதலில் மிரண்டார். பிறகு எட்டுத் திக்குப் பாலகர்களுக்கும் ஆளுக்கொரு மூலை கிடைத்துவிட்டதால் இந்த ஜில்லாவிலேயே குற்றமில்லாத வீடு இதுதான் என்று எழுதிக் கொடுத்தார். பின்பக்கத்து அடுப்படியில், புகை நேரே மேலே போகிற அந்தக் கல்லடுப்பில், பால் காய்ச்ச வடிவைத்தான் கூப்பிட்டார்கள். பால் பொங்கியதும் குலவை போட்டுவிட்டு எல்லாரும் கேசரி வாங்க முன்பக்கம் போய்விட்டார்கள். வடிவு மட்டும் அங்கேயே நின்றாள். வெளியே தீயாய் வெயில் எரிந்தபோதும் ஒரு முழம் கனமுள்ள சுவருக்குள் குளிர்ச்சியாக இருந்தது. புகை கண்ணில் படவில்லை. அடுப்புப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். அது வழியாக யார் வருகிறார்கள் என்று அவளால் பார்க்க முடிந்தது, அவளை யாராலும் பார்க்க முடியவில்லை. அவள் ரொம்ப நேரம் அப்படியே நின்றாள்.

அரண்மனை எங்கே வந்து இறங்கும் என்று கணக்குச் சொல்ல மறுபடியும் பட்டமுத்துவிடம் வந்தார்கள். அவர் காவல்வீட்டுத் தூணில் நூலைக் கட்டி இழுத்தார். வெள்ளைக்காரன் வழி நேராகப் போகாது, மரத்துக்குப் பின்னால் வளைந்து வளைந்து போய், மாளிகை திடீரென்று கண்முன்னே வருகிற மாதிரிதான் வைப்பான் என்று ஊருக்கு விளக்கிக்கொண்டே முளைக்குச்சிகளை அடித்து நூலை வளைத்தார். வளைக்க வளைக்க அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. மாளிகை யார் மனையில் விழுகிறதோ அவன்தானே மாளிகைக்குச் சொந்தக்காரன்? ஊர் எல்லாம் நூலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பட்டமுத்து தன் கால் பெருவிரலால் முளைக்குச்சியை லேசாகத் தள்ளினார். நூல் போய், அழகாக, அவருடைய சொந்த மனையின் நட்டநடுவில் நின்றது.

"அடேயப்பா!" என்றது ஊர். பட்டமுத்து அடக்கமாகச் சிரித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி," என்றான் மாசானம், "அங்கன ஏற்கெனவே ஒரு வீடு நிக்குல்லா? அரண்மனை எங்கன ஒக்காரும்?"

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவனுக்கு, அதைத் திரும்ப எடுப்பது எப்படி என்பது விட்ட பிறகுதான் யோசனைக்கு வரும். குச்சி தள்ளிப் போய்விட்டது என்று சொன்னால் போதும். ஆனால் அதைத் தள்ளியது யார் கால் என்றும் சொல்ல வேண்டும். பட்டமுத்து வானத்தைப் பார்த்தார், சிங்கத்தைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். "அரண்மனைக்கு இடைஞ்சலா என் வீடு நிக்குமாவே?" என்று ஒரு வள்ளலின் குரலில் சொன்னார். ஊர் கை தட்டியது. அடுத்த நாளே ஜெயசிங்கு தன் ஜேசிபியைக் கொண்டுவந்தார். ஒரே ஒரு நிபந்தனைதான் பட்டமுத்து போட்டார்: மாளிகை பின்பக்கமாகத்தான் இறங்கும், ஆகையால் எலிவேஷனை மட்டும் தொடக்கூடாது. அவர்கள் தொடவில்லை. இரண்டு அறைகளையும் தகரத்தையும் வாரி எடுத்துவிட்டு, நாலு தூணையும் சிங்கத்தையும் பூட்டிய தேக்குக் கதவையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்பதற்கு இனி ஊசிக்காட்டில் யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை, கையைக் காட்டினால் போதும்.

வடிவு சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு நின்றாள். "அடுப்படி கட்டித் தாங்கன்னு கேட்டேன். வீட்டையே எடுத்துட்டீய," என்றாள். சண்டை போடவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு காவல்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு காவல்வீட்டில் புகை வந்தது. ஊருக்கு அது பிடித்திருந்தது. ஆள் இல்லாத காவல்வீட்டைப் பார்த்து மாளிகை சந்தேகப்பட்டுவிடக் கூடாதல்லவா? வடிவு காலையில் கூரைத் தூறலைப் பிடித்து வாசல் தெளித்தாள், வாசல்காத்தானைத் துடைத்தாள், ஆட்டோவும் மினி லாரியும் வரும்போது, பக்கத்தில் எத்தனையோ வண்டி போக இடம் இருந்தும், அந்த ஒற்றை இரும்புக் கதவைத் திறந்துவிட்டு மூடினாள். ஓட்டுநர்களும் ஒரு மரியாதைக்கு அதன் வழியாகவே போனார்கள். அவள் உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தது. அடுப்படியில் பாடுகிற சத்தம்கூடக் கேட்டதாகப் பால்காரர் சொன்னார்.

பட்டமுத்துவுக்குத்தான் அங்கே இருப்புக் கொள்ளவில்லை. சுற்றுவட்டாரத்துக்கே முகப்பு வரைந்த மனுசன் வாட்ச்மேன் ரூமில் குடியிருப்பதா? காலை எழுந்ததும் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் எலிவேஷனுக்கு முன்னால், சிங்கத்துக்கு நேர் கீழே போட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். போகிறவர் வருகிறவர் "என்ன அண்ணாச்சி, மாளிகை இன்னும் வரலியா?" என்று கேட்பார்கள். "வந்துக்கிட்டிருக்கு" என்பார். முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்பது அவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். ஆனால் நாற்காலி முன்னால் இருந்ததால் அந்தப் பேச்சு நடந்தது. பசித்தால் மட்டும், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, காவல்வீட்டுப் பின்வாசல் வழியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

"இங்கனயே கொஞ்சம் இருங்களேன். குளுமையா இருக்கு," என்பாள் வடிவு.

"நாலு பேரு பாத்தா என்ன நினைப்பான்?"

"நாலு பேருக்கா நான் பொங்குதேன்?" என்பாள். அவர் அதற்குள் கையைக் கழுவிக்கொண்டு போயிருப்பார்.

ஒருநாள் முற்பகலில் அவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காவல்வீட்டுப் பக்கமிருந்து கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. அடுத்தது கறிவேப்பிலை வாசம் வரும், வந்தால் எழுந்து போகலாம் என்று ஒரு பக்கத்தைத் திருப்பினார். வாசம் வரவில்லை. இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். வரவில்லை. திரும்பிப் பார்த்தார். வளைவுக்கு இடது பக்கம் வெறுந்தரை. அந்த வீட்டின் அளவுக்கு மண் ஈரமாக இருந்தது. ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து மோந்து பார்த்துவிட்டு, தங்கள் பழைய இடத்தில் படுத்துக்கொண்டிருந்தன. வீடும் இல்லை, தூறலும் இல்லை, வடிவும் இல்லை.

ஊர் கூடியது. பட்டமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, மாசானம் அவருக்கு டீ கொடுத்துத் தேற்றினான். "கவலப்படாதீய அண்ணாச்சி. காவல்காரன் எதுக்குப் போவான்? மொதலாளியக் கூட்டியாரத்தான் போவான். வழித்தொணைக்கு மதினி போயிருக்காவ." ஊருக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. விசா இல்லாமல் வெளிநாடு போன முதல் ஊசிக்காட்டுப் பெண் என்று வடிவுக்கு ஒரு வாழ்த்துத் தட்டிகூட வளைவில் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் அவள் பட்டமுத்துவுக்குப் போன் செய்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன். குளிருது. தூறல் இங்க வீட்டுக்கு மட்டும் இல்ல, ஊருக்கே பெய்யுது. எட்னான்னு ஒரு அம்மா கேக்கு கொண்டாந்து குடுத்தாவ. நான் கொழம்பு குடுத்தேன். அவிய பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவியளுக்குத் தெரியாது, அதனால சண்ட வரல."

"இத்தன நாளு அங்க வீடு காணாமப் போனதப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?"

"வானத்தக் காட்டி என்னமோ சொன்னாவ. வெயிலு வருமான்னு பாக்காவ போல. நான் கேட்டத் தொறந்து மூடுதேன், எல்லாரும் கையத் தூக்கிட்டுப் போறாவ."

பட்டமுத்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏ வடிவு... அந்த அரண்மனை?"

"பின்னாடி கூட்டிட்டுப் போயிக் காட்டினாவ. பச்சையா புல்லுதான் கெடக்கு, செம்மறி ஆடு மேயுது. மாளிகை எங்கன்னு சைகையில கேட்டேன். அந்தம்மா ரெண்டு கையையும் இம்மாம் உயரம் தூக்கி, பொத்துன்னு கீழ போட்டாவ. அது இடிஞ்சு எத்தனையோ காலம் ஆச்சு போல. இந்த வாட்ச்மேன் ரூம்தான் மிச்சம்."

அவர் டீக்கடைக்கு ஓடினார். அரண்மனை வராது, அங்கேயும் இல்லை, எப்போதோ இடிந்து போய்விட்டது என்று மூச்சு வாங்கச் சொன்னார். மாசானம் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான், ஆற்றி முடித்துவிட்டுச் சொன்னான்: "அங்க இல்லேன்னா என்ன அர்த்தம்? இங்க வந்துக்கிட்டிருக்குன்னுதான அர்த்தம்?" பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். கபடிப் போட்டியை மாளிகை மைதானத்திலேயே வைப்பது என்று அன்றைக்கு மறுபடியும் உறுதி செய்தார்கள்.

பட்டமுத்து தன் நாற்காலிக்குத் திரும்பி வந்து அவளை மறுபடியும் கூப்பிட்டார்.

"வடிவு, வந்துருட்டி."

"எங்க வர?"

"நம்ம வீட்டுக்குத்தான்."

"இங்க அடுப்பு இருக்கு, மேல கூரை இருக்கு, பக்கத்துல ஜன்னல் இருக்கு," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, கடையில் சாமான் சொல்கிற மாதிரி சொன்னாள். "அங்கன என்ன இருக்கு?"

அவர் திரும்பிப் பார்த்தார். நாலு தூண்கள், ஒரு சிங்கம், பூட்டிய கதவு. தூண்களுக்கு நடுவே தூரத்துக் காற்றாலைகள் சுற்றுவது தெரிந்தது.  வீட்டை இடித்த அன்றைக்கு வராத அழுகை, அவள் போன அன்றைக்கும் வராத அழுகை, இப்போது வந்தது. சிங்கத்துக்குக் கீழே உட்கார்ந்து, வேட்டி நுனியை வாயில் வைத்துக்கொண்டு, ஊர் பார்க்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அழுதார்.

மறுநாள் அவர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பென்சில் பழக்கத்தில் முதலில் ஒரு தூண் போட்டது, அழித்தார். தாளின் நடுவில் ஒரு அடுப்பு வரைந்தார். அடுத்து என்ன வரைவது என்று தெரியவில்லை. இத்தனை வீட்டுக்குப் பிளான் போட்டவருக்கு அடுப்புக்குப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று தெரியவில்லை. போனை எடுத்தார்.

"ஏ வடிவு, மேடை எம்புட்டு ஒயரம் வேணும்?"

தாளில் குறித்துக்கொள்ளப் பென்சிலைப் பிடித்துக்கொண்டார். 

"இப்பத்தான் கேக்கத் தோணிச்சாக்கும்," என்றாள் வடிவு.  "இங்க இருக்கது என் இடுப்புக்குச் சரியா இருக்கு."

அவள் இடுப்பு எவ்வளவு உயரம் என்று பட்டமுத்துவுக்குத் தெரியாது. சிங்கத்தின் பிடரி எத்தனை அங்குலம் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார். இருபது வருசமாகப் பக்கத்தில் படுத்திருந்த மனுசியின் இடுப்பு தரையிலிருந்து எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. வெட்கமாக இருந்தது. கயிற்றால் அளந்து சொல்லச் சொன்னார். ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார், அம்மி எங்கே என்று கேட்டார், தண்ணீர் எங்கே வழியவேண்டும் என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சில நாள் கேட்க ஒன்றும் இல்லாதபோதும் ஏதாவது கேட்டார்.

எலிவேஷனுக்குப் பின்னால் அடுப்படி எழும்புவதைப் பார்த்து ஊரில் சலசலப்பு வந்தது. அரண்மனை இறங்குகிற இடத்தில் கட்டடம் கட்டலாமா? ஜெயசிங்கு ஆட்களோடு வந்து நின்றார். பட்டமுத்து கொத்துக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "அரண்மனை வந்தா அதுக்கும் ஒரு அடுப்படி வேணும்லா?" என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் அரண்மனையில் நம்மூர்ச் சமையலுக்கு அடுப்படி இருக்காது என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் திருப்தி. ஒரு கொத்தனார்கூட உதவிக்கு வந்தார்.

பின்பக்கச் சுவரை உள்ளும் புறமும் பூசினார். அவர் வாழ்க்கையில் பூச்சு கண்ட முதல் பின்பக்கம் அதுதான். மேலே புகைக்கூண்டு வைத்தார். அதைத் திருகாமல் நேராகவே வைத்தார்.

பால் காய்ச்சுகிற அன்றைக்கு யாரையும் கூப்பிடவில்லை. காலையில் குளித்து, அடுப்புக்குக் குங்குமம் வைத்து, புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்தார். பால் லேசாக ஆடை கட்டத் தொடங்கும்போது புகைக்கூண்டின் மேல் ஏதோ சடசடத்தது. வெளியே எட்டிப் பார்த்தார். ஊசிக்காடு முழுக்க வெயில்; அவர் அடுப்படி மேல் மட்டும் தூறல்.

 வருகிறவளை வரவேற்க வேண்டுமே! சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வேட்டியை நீவிவிட்டுக்கொண்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார். ஓடிப்போய் முன்பக்கத்தில், தூண்களுக்கு நடுவே, சிங்கத்துக்குக் கீழே, ரோட்டைப் பார்த்து நின்றார். புத்தி வந்தாலும் கால் பழைய வழியில்தானே ஓடும்! ரோட்டில் யாரும் வரவில்லை. எதிரே டீக்கடையிலிருந்து மாசானம் கையை ஆட்டினான். பட்டமுத்துவும் ஆட்டினார். நின்றுகொண்டே இருந்தார்.

முதுகுக்குப் பின்னாலிருந்து வாசம் வந்தது. கறிவேப்பிலை வாசம். வீடு காணாமல் போன அன்றைக்கு முற்பகலில் பாதியில் நின்றுபோன அதே தாளிப்பின் மிச்சம்.

"ரோட்டுல யாரு வரப்போறான்னு அங்கன போயி நிக்கிறீய?" என்று வடிவின் குரல் கேட்டது. "இங்கன பாலு பொங்குது!"

அவர் திரும்பித் தேக்குக் கதவைத் தள்ளினார். அது திறக்கவில்லை, அதற்குப் பின்னால் திறப்பதற்கு வீடே இல்லாததால் அதன் பூட்டை எடுக்க அவருக்குத் தோன்றவே இல்லை. சுவரைச் சுற்றி முள்ளில் வேட்டி கிழிய ஓடினார். அடுப்படிக்கு நேர் பின்னால் காவல்வீடு வந்து நின்றிருந்தது. இழைத்த கல்லையும் சரிகையையும் நீட்டிய மூக்கு ஜன்னலையும் யாருமில்லாத கருவேலங்காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, தன் மொட்டை முதுகையும் சின்னப் பின்வாசலையும் இவர் பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்வாசலும் அவருடைய பின்வாசலும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு திறந்திருந்தன. நடுவிலிருந்த ஈர மண்ணில் அவள் கால்தடம் இருந்தது.

வடிவு அடுப்பு முன்னால் நின்றாள். பால் பொங்கி, பாத்திரத்தின் விளிம்பு தாண்டி, குங்குமத்தையும் கரைத்துக்கொண்டு வழிந்துகொண்டிருந்தது. அவள் அமர்த்தவில்லை, பொங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலுக்கடியில் பலகைக் கட்டை எதுவும் இல்லை. மேடை அவள் இடுப்புக்குச் சரியாக இருந்தது.